புளியோதரை போகும், ஊறுகாய் பாட்டில் போகாது

ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகும் குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றையும் பைசா விடாமல் கணக்குப் பார்ப்பவர்கள், சாப்பாட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் முதல் புலம்பலே அதுதான்.

எல்லாம் நம் ஊர்ப் பழக்கம். தியேட்டர் வாசலில் பையைத் துழாவி முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அங்கும் அப்படித்தான் என்று நினைத்து வெறுங்கையோடு போகிறார்கள். டிஸ்னி வேர்ல்டில் வெளிச் சாப்பாடு தாராளமாகக் கொண்டுபோகலாம். மது, கண்ணாடிப் பாத்திரம், உதிரி ஐஸ் கூடாது. குழந்தை உணவு பாட்டிலுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஒருமுறை ஆறு பேர் கொண்ட குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். பாட்டியின் பையில் எவர்சில்வர் தூக்கு நிறையப் புளியோதரை. காவலர் மூடியைத் திறக்கச் சொன்னார், எட்டிப் பார்த்தார், போகலாம் என்றார். அடியில் இருந்த எலுமிச்சை ஊறுகாய்க் கண்ணாடி பாட்டிலைத்தான் நிறுத்தினார். பாட்டி அசரவில்லை. ஓரமாக நின்று ஊறுகாயைத் தூக்கு மூடியில் கவிழ்த்துக்கொண்டு, காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

ஆனால் ஒன்று. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. கோடையில் அங்கே அந்த வெயில் சர்வசாதாரணம். அதனால் சோற்றுத் தூக்கோடு ஜெல் ஐஸ் பேக் ஒன்றையும் பையில் வையுங்கள், அதற்குத் தடையில்லை. தயிர்சாதத்தை ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

சாப்பாட்டைவிடக் காசு கரைவது தண்ணீரில்தான். ஆறு பேர் மூன்று தடவை குடித்தால் 18 பாட்டில்! பானம் விற்கும் கவுன்ட்டர் உணவகங்களில் கேட்டால், ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு கப் இலவசமாகவே தருவார்கள். கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

உள்ளே வாங்கித்தான் சாப்பிட வேண்டுமென்றால் கவுன்ட்டர் உணவகம் போதும், அங்கே டிப்ஸ் தொல்லை இல்லை. குழந்தைகளுக்கான சாப்பாட்டைப் பெரியவர்களும் வாங்கலாம். பாட்டிக்கு அந்த அளவே அதிகம். மேசையில் பரிமாறும் உணவகத்துக்குப் போனால் பில்லை நிதானமாகப் படியுங்கள். மெனு விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. ஆறு பேருக்கு மேல் போனாலும், சரியாக ஆறு பேர் போனாலும், 18 சதவீத டிப்ஸை அவர்களே பில்லில் போட்டுவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் மேலே இன்னொரு டிப்ஸ் வைத்துவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர். பத்து வயதுப் பிள்ளைக்கு பஃபேயில் பெரியவர் கட்டணம். மூன்று வயதுக்குக் கீழ் இலவசம்.

ஊரிலிருந்து பொடி வகைகள் கொண்டுபோகிறவர்கள் அமெரிக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், பிடுங்கிவிடுவார்கள்.

அப்புறம், மறுநாள் அதே ஊர்ப் பக்கம் இருக்கும் இன்னொரு கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சல் போகிறீர்களா? அங்கே விதி வேறு. தண்ணீர் பாட்டில், சின்னத் தின்பண்டம் போகும், கட்டுச்சோறு போகாது. அன்றைக்குத் தூக்கு ஹோட்டல் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், முறுக்கை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.