போதகர் ஐயா, பாட்காஸ்ட் யாருக்காக?

மதுரை அரசரடியில் ஒலிப்பதிவு வேலை செய்கிறேன். 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இதே பகுதியில் இருப்பதாலோ என்னவோ, என்னிடம் வருகிறவர்களில் போதகர்கள் அதிகம். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர்கள் வருகிறார்கள், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு சபை நடத்தும் பாஸ்டர்களும் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை பாட்காஸ்ட்ல போடணும், எவ்வளவு ஆகும்?"

செலவைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். யார் கேட்கப் போகிறார்கள் ஐயா?

"எல்லாரும்" என்பார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பிரசங்கம் எதிரில் உட்கார்ந்திருக்கும் சபைக்காகச் செய்யப்பட்டது, அதைப் பதிவு செய்து ஏற்றினால் எதிரொலியும் ஸ்பீக்கர் கீச்சலும் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஓடும், போனில் அதை முழுதாகக் கேட்கிறவர்கள் சிலர்தான். ஊருக்கெல்லாம் பேசும் பிரசங்கங்கள் ஏற்கெனவே யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. உங்களுக்குக் கீழே நின்று சபையைத் தாங்குகிறார்களே, உபதேசியார், மூப்பர், பெண்கள் ஐக்கியத் தலைவி, ஞாயிறு பள்ளி ஆசிரியை, அவர்களுக்கென்று யாரும் பேசுவதில்லை. பாட்காஸ்ட் சபைத் தலைமைக்குக் கைகொடுக்கும் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பேரையூர் பக்கம் ஒரு போதகர் இருக்கிறார். ஐந்து கிராமத்துச் சபைகள், ஒரு பழைய பைக். ஞாயிற்றுக்கிழமை அவரால் இரண்டு ஊரில்தான் ஆராதனை நடத்த முடியும், மற்ற மூன்றிலும் உள்ளூர் ஆட்கள் நடத்துகிறார்கள், அவர்களில் யாரும் இறையியல் படித்தவர்கள் இல்லை. இந்த மனிதரும் பிரசங்கத்தை ஏற்றத்தான் என்னிடம் வந்தார். பேசிப் பேசிக் கடைசியில் வேறொன்று செய்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி 12 நிமிடம், அந்த ஐந்து ஊர்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த ஞாயிறு வாசிக்கவேண்டிய வேதப்பகுதி, அதில் தடுமாற வைக்கும் ஒரு சொல்லுக்கு விளக்கம், ஜெபத்தில் மறக்காமல் சேர்க்கவேண்டிய பெயர்கள், அப்புறம் ஒரே ஒரு நடைமுறைக் காரியம். ஒரு வாரம் காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்துப் போடவேண்டியது ஏன் என்று பேசினார். இன்னொரு வாரம் நோயாளி வீட்டுக்குப் போனால் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பது.

அதை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை விடியுமுன் நானும் போனேன். மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார் அந்த ஊர் பெண்கள் ஐக்கியத் தலைவி. தலையில் டார்ச், மடியில் பூ, முந்தானையில் முடிந்த போனிலிருந்து போதகர் குரல். விரல் மொட்டில் இருந்தது, காது அங்கே இருந்தது. அச்சடித்த தாளைக் கொடுத்திருந்தால் அவர் எப்போது வாசித்திருப்பார்? யாத்திராகமம் 18-ல் எத்திரோ தன் மருமகன் மோசேயிடம், எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்காதே, பத்துப் பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர் என்று தலைவர்களை வை என்கிறார். வைத்தால் போதாதே, வைத்தவர்களுக்கு வாராவாரம் எதையாவது கையில் கொடுக்க வேண்டும்.

இதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. காலர் மைக் ஒன்று, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்த சின்ன அறை, நிறுத்திய ஃபேன். மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், ஒலித்தரத்தை 64 கேபிபிஎஸ் வைத்தால் 12 நிமிடப் பதிவு ஆறு எம்பிக்குள் அடங்கிவிடும், கிராமத்து சிக்னலிலும் இறங்கும். ஆரம்ப இசைக்கு சினிமா மெட்டோ பிரபல பாடகர் ஒருவரின் பாட்டோ எடுக்காதீர்கள். வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் அதை இன்றைக்கு ஒருவர் பாடிப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு அவருடையது. உங்கள் சபைப் பிள்ளைகளையே பாடச் சொல்லுங்கள்.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான சம்பவம். வேறொரு சபை, வேறொரு போதகர். மன்னிப்பைப் பற்றி அருமையாகப் பேசினார். நடுவே, "நம்ம சபையில ஒரு குடும்பம், மூத்த பையன் குடியில விழுந்து அம்மாவையே கை நீட்டிட்டான்" என்று ஒரு நிமிடம் சொன்னார். பெயர் சொல்லவில்லை. எடிட் செய்தது நான், என் காதிலும் அது உறுத்தவில்லை. ஆனால் அந்தச் சபையில் நாற்பது குடும்பம்தான், பெயர் எதற்கு? அந்தத் தாய் ஜெபத்துக்காக அவரிடம் தனியே அழுது சொன்ன விஷயம் அது. மறு ஞாயிறு அந்த அம்மா கோயிலுக்கு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பதிவை எடுத்துவிட்டோம், ஆனால் ஃபீடிலிருந்து, அதாவது பாட்காஸ்ட் பட்டியலிலிருந்து, நீக்கினால் ஏற்கெனவே இறங்கிய போன்களிலிருந்து அது போய்விடாது. வாட்ஸ்அப்பில் அது சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவ அறிக்கையில், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே கட்டுகிறது. மற்ற சபைகளில் பெரும்பாலும் அந்த மனிதரின் மனசாட்சிதான் காவல். அதனால் இப்போது நான் மைக்கைத் திறக்குமுன் போதகர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: தனியே கேட்ட எதுவும் பதிவுக்குள் வரக்கூடாது, பெயரை மாற்றினாலும் கூடாது. "அவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டேன்" என்றாலும் எனக்குத் தயக்கம்தான். ஐயா கேட்டால் சபையில் யார்தான் மாட்டேன் என்பார்கள்? கதை வேண்டுமென்றால் வேதத்தில் இருக்கிறது, உங்கள் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது.

போதகர்கள் கேட்கும் பாட்காஸ்ட் பற்றியும் கொஞ்சம். அமெரிக்கப் பெரிய சபைகளின் தலைமைத்துவ நிகழ்ச்சிகளை ஆர்வமாகக் கேட்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். நல்லதுதான், ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடக்கும் சபையின் நிர்வாக யோசனை, பொருளாளரும் மூப்பரும் மாமன் மச்சானாக இருக்கிற கமிட்டிக்கு அப்படியே பொருந்தாது. இரண்டு போதகர்கள் ஒரே பதிவைக் கேட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து, நம்ம ஊருக்கு இதில் எது ஆகும் என்று பேசினால் பலன் உண்டு. தனியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் குரல் நண்பனைப் போலத் தோன்றும், ஆனால் அது ஒருநாளும் உங்களைப் பார்த்து "சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா" என்று கேட்காது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, ஜெபிக்கவே மனம் வரவில்லை என்று என் அறையில் உட்கார்ந்து உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து இன்னொரு பாட்காஸ்ட் அல்ல. டாக்டரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, பேசுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

என் அப்பத்தா செஷல்ஸ் தீவிலிருந்து வந்த ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலியின் தமிழ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் கேட்பார். 1970-ல் அங்கிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. நிகழ்ச்சி முடிவில் முகவரி சொல்வார்கள், அப்பத்தா இன்லேண்ட் லெட்டரில் பக்கம் நிரம்ப எழுதிப் போடுவார். பாட்காஸ்டில் அந்த முகவரி தொலைந்துபோயிற்று, ஐயா பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். பேரையூர்ப் போதகரிடம் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்டு, பதிலை வாய்ஸ் மெசேஜில் அனுப்பச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். முதல் மூன்று வாரம் "ஸ்தோத்திரம் ஐயா" தவிர ஒன்றும் வரவில்லை. நான்காவது வாரம் ஒரு மூப்பரிடமிருந்து வந்தது, பின்னால் ஆட்டுக்குட்டிச் சத்தத்தோடு: "ஐயா, நோயாளி வீட்டுல ரொம்பப் பேசக்கூடாதுன்னீங்க. போனேன், பேசல. அந்தம்மா என் கையைப் பிடிச்சு, எம்புள்ள பிழைப்பானான்னு கேக்குது. நான் என்னங்கய்யா சொல்றது?"

அடுத்த பதிவை இதைப் பற்றியே போட்டுவிடலாமா என்று போதகரைக் கேட்டேன். "இருங்க தம்பி" என்றார். அந்த வெள்ளிக்கிழமை பதிவே வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், மூப்பரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.