டிஸ்டோபியா: கெடுநாடு

பதின்பருவத்தினருக்கான விறுவிறுப்பான புதினங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அடிபடும் சொல் டிஸ்டோபியா. இதற்கு ‘அழிந்த உலகம்’ என்று பொருள் கொள்வோர் உண்டு, அது பொருந்தாது. போரிலோ கொள்ளைநோயிலோ சிதைந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தின் கதை வேறு வகையைச் சேர்ந்தது. டிஸ்டோபியாவில் அரசு உண்டு, சட்டம் உண்டு, பள்ளிக்கூடம் முதல் ரேஷன் வரை யாவும் முறைப்படி நடக்கின்றன. அந்த முறையே அங்கு வாழும் மக்களை நசுக்குகிறது.

இச்சொல்லுக்குத் தாய் யுடோபியா. தாமஸ் மோர் என்ற ஆங்கில அறிஞர் இலத்தீனில் எழுதி 1516இல் வெளிவந்த நூலில், ஒரு கற்பனைத் தீவுக்கு அவர் இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் ‘ஊ’ இன்மையையும் ‘டோபோஸ்’ இடத்தையும் குறிப்பதால் ‘இல்லாத இடம்’ என்பது நேர்ப்பொருள். ‘நல்ல’ என்று பொருள்படும் வேறொரு முன்னொட்டும் ஒலியில் அதை நெருங்கி நிற்பதால் ‘நல்ல இடம்’ என்ற சிலேடையும் கூடவே வருகிறது. யுடோபியாவின் முன்னொட்டை நீக்கிவிட்டு, ‘கெட்ட’, ‘இடர்ப்பட்ட’ என்று பொருள்தரும் ‘டிஸ்’ என்பதைச் சேர்த்தால் டிஸ்டோபியா. டிஸ்லெக்சியா போன்ற மருத்துவச் சொற்களில் இருப்பதும் இதே ஒட்டுதான். துர்நாற்றம், துர்க்கனவு ஆகியவற்றில் வரும் வடமொழித் ‘துர்’ இதற்கு உடன்பிறப்பு. 1868 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றி நடந்த விவாதத்தில், அரசின் நிலக்கொள்கையை ஆதரித்தவர்களை ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் இச்சொல்லால் எள்ளினார்: யுடோபியா நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லது என்றால், இவர்கள் விரும்புவது நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கெட்டது என்பது அவர் வாதம். இலக்கிய வகை ஒன்றின் பெயராக அது நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்.

இவ்வகைப் புதினத்தில் ‘சஸ்பென்ஸ்’ எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். சூசன் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட ‘த ஹங்கர் கேம்ஸ்’ கதையில், பன்னிரண்டு மாவட்டங்களிலும் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சாவுப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். வயது கூடக்கூடச் சீட்டும் கூடும். பசிக்குத் தானியமும் எண்ணெயும் வேண்டுமானால் கூடுதல் சீட்டுகளை ஏற்க வேண்டும். ஆகவே கதைநாயகி காட்னிஸுக்குப் பதினாறு வயதில் 20 சீட்டுகள், அவள் நண்பன் பதினெட்டு வயது கேலுக்கு 42, அவள் தங்கை பிரிம்முக்கு ஒன்றே ஒன்று. கணக்கைத் தெரிந்துகொண்ட வாசகர் மூத்தவர்களுக்காகப் பதறிக்கொண்டிருக்க, எடுக்கப்படுவது அந்த ஒற்றைச் சீட்டு. (முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே வருவதால் இதைச் சொல்லிவிடுவதில் குற்றமில்லை.) பேயோ கொலைகாரனோ தேவைப்படாத திகில் இது, விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அது யார் தலையில் விழும் என்று தவிக்கவிடுவது.

தமிழில் இதை எப்படிச் சொல்லலாம்? ‘நரகம்’ என்றால் மறுமையின் சாயல் ஒட்டிக்கொள்கிறது. ‘தீயுலகு’ என்றால் நெருப்பு குறுக்கே வருகிறது. ‘எதிர்க்கனவுலகு’ நீளமாக இருப்பதோடு, யுடோபியாவைத் தெரிந்தவர்க்கே விளங்கும். என் தேர்வு ‘கெடுநாடு’. கெடுமதி என்ற பழகிய சொல்லின் வார்ப்பில் அமைவதால் காதுக்கு அந்நியமாக ஒலிக்காது. டோபோஸ் குறிக்கும் இடத்துக்கு, உலகு என்பதைவிட எல்லையும் ஆட்சியும் உடைய நாடு நெருக்கமானது. அதைவிட முக்கியமானது, இது ஊறுகாய்போல் ஒரு வினைத்தொகை என்பது. கெட்ட நாடு, கெடுகின்ற நாடு, கெடும் நாடு என முக்காலமும் அதில் அடக்கம். எதிர்காலத்தில் நடப்பதாகச் சொல்லி நிகழ்காலத்தை இடித்துரைக்கும் கதைகளுக்கு இதைவிட வாகான இலக்கணம் அமைவது அரிது. அடையாக வரும்போது டகரம் இரட்டித்துக் ‘கெடுநாட்டுப் புதினம்’ ஆகும்.

கருத்து தமிழுக்குப் புதிதன்று. எல்லா வளமும் அமைந்திருந்தும் ஆள்வோனோடு பொருத்தம் இல்லையேல் அந்நாட்டால் பயனில்லை என்கிறது குறள்:

ஆங்கமை வெய்தியக் கண்ணும் பயமின்றே
வேந்தமை வில்லாத நாடு. (740)