வரிசையாக்கம்

கணினியில் ‘சார்ட்’ எனப்படும் செயலை ‘வகைப்படுத்தல்’ என்று எழுதுவது பொருந்தாது. திருவுளச்சீட்டைக் குறித்த ‘சோர்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், இனம் பிரிப்பதையும் வரிசையில் நிறுத்துவதையும் ஒருங்கே சுட்டுகிறது. தமிழில் இவை வெவ்வேறு செயல்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகு கரை சேர்ந்ததும் இறாலையும் நண்டையும் கணவாயையும் தனித்தனிக் கூடைகளில் இடுவது வகை பிரித்தல். கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று பார்த்து இறாலைத் தரம் பிரிப்பதும் அதில் அடங்கும். ஏலக் கணக்கை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததாக மாற்றி எழுதினால், அதுவே வரிசையாக்கம்.

‘நிரல்’ என்பதும் வரிசையைக் குறிக்கும் பழஞ்சொல்லே. நிரல்நிறைப் பொருள்கோளில் அது வாழ்கிறது. ஆயினும் இன்று அது கணினி நிரலுக்கு உரியதாகிவிட்டதால், ‘நிரல்படுத்தல்’ என்றால் குழப்பமே மிஞ்சும்.

அந்த ஏலக் கணக்கையே ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். மீனின் பெயர், எடை, கரை சேர்ந்த நேரம் ஆகிய புலங்களை ஒன்றாகக் கட்டிய ‘ஸ்ட்ரக்ட்’ என்னும் கட்டுருவை நாமே வரையறுக்கிறோம். இரண்டு முழு எண்களில் எது சிறியது என்பதை மொழி அறியும். நாம் படைத்த இரண்டு கட்டுருக்களில் எது முந்தியது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ‘ஆர்ட்’ என்னும் ஒப்பீட்டுப் பண்பை ‘டெரைவ்’ என்னும் குறிப்பின் மூலம் தானாக வருவித்தால், புலங்கள் அறிவிக்கப்பட்ட முறையிலேயே மேலிருந்து கீழாக ஒப்பிடப்படும். பெயர் முதலில் இருந்தால், பெயர்கள் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே எடை பார்க்கப்படும். அறிவிப்பில் ஒரு புலம் இடம் மாறினாலே வரிசையும் மாறிவிடும் என்பதால், ‘சார்ட்_பை_கீ’ என்னும் செயற்கூறு கொண்டு எந்தப் புலத்தின்படி என்பதை வெளிப்படையாக எழுதுவதையே நான் வலியுறுத்துவேன்.

எடையைக் கிலோவாக, தசமப் பகுதியும் கொள்ளும் மிதவைப் புள்ளி எண்ணில் வைத்தால் அதற்கு ‘ஆர்ட்’ பண்பே கிடையாது; பொருளற்ற கணக்கின் விடையாக வரும் ‘எண் அல்ல’ என்னும் மதிப்பு எந்த எண்ணைவிடவும் பெரியதோ சிறியதோ சமமோ அன்று என்பதே காரணம். கிராம் கணக்கில் முழு எண்ணாக வைப்பது நேர்வழி. இயலாவிடில், அந்த மதிப்புக்கும் வரிசையில் இடம் தரும் ‘டோட்டல்_சிஎம்பி’ என்னும் ஒப்பீடு உதவும்.

இனி ‘ஸ்டேபிள்’ என்னும் அடைமொழி. இதற்கு ‘நிலைத்த’ என்பதைவிட ‘முறை மாறா வரிசையாக்கம்’ என்பதே தெளிவு. ரஸ்டின் ‘சார்ட்’ இவ்வகையது. சம எடையுள்ள இரண்டு பதிவுகளில் முன்பு எது முதலில் இருந்ததோ அதுவே பிறகும் முதலில் நிற்கும். ‘சார்ட்_அன்ஸ்டேபிள்’ கூடுதல் நினைவகம் கேட்காது, பெரும்பாலும் விரைவாகவும் முடியும். ஆனால் கரை சேர்ந்த முறையைக் காக்கும் உறுதியை அது தருவதில்லை.