மத்தியானம் செடி வாடுதேன்னு பக்கெட்டத் தூக்காதீங்க

பங்குனி பொறந்துட்டா எங்க நர்சரிக்கு வாரவங்கள்ல பாதிப்பேரு செடி வாங்க வரல, செத்துப்போன செடிய போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து காட்டத்தான் வாராங்க. பாளையங்கோட்டைல இத்தன வருசமா நர்சரி வச்சிருக்கதுல பாத்துட்டேன், கோடைல பாதிச் செடி வெயில்ல சாகல, தண்ணியும் உரமும் கூடித்தான் சாகுது.

போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க. "மூணு வேளையும் தண்ணி ஊத்துதேன் தம்பி, அப்பயும் செம்பருத்தி தொங்கிப் போயித்தான நிக்கி"ன்னாங்க. வீடு பக்கந்தான்னு போயி செடி வச்சிருந்த க்ரோ பேக் பைல விரல விட்டுப் பாத்தா உள்ள ஒரே சேறு, அழுகுன வாடை வேற. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல இலை விடுத தண்ணிய வேரால அந்த வேகத்துக்கு ஏத்த முடியாது, அதான் இலை தொங்குது, சாயங்காலம் தானா நிமுந்துரும். அது தெரியாம ஊத்திக்கிட்டே இருந்தா மண்ணுக்குள்ள காத்து இல்லாம வேர் அழுகி, அழுகுன வேரால தண்ணி எடுக்க முடியாம செடி மறுபடி வாடும், நம்ம மறுபடி ஊத்துவோம். காலைல ஏழு மணிக்குள்ள ஒரு தடவ அடில வழியுத வரைக்கும் ஊத்துங்க, சாயங்காலம் ரெண்டு இஞ்ச் ஆழத்துல மண்ணு காஞ்சிருந்தா மட்டும் இன்னொரு தடவ. மொட்டமாடி ஓஸ்ல மொதல்ல வாரது வெந்நி, அத கீழ விட்டுட்டு அப்புறமா செடிக்குப் புடிங்க.

வாடுன செடிக்கு தெம்பு வரட்டும்னு யூரியா, டிஏபின்னு உரம் போடுதவங்களும் உண்டு. காஞ்ச மண்ணுல இந்த உரத்தோட உப்பு கூடுனா அது வேர்ல இருக்க தண்ணியையே இழுத்துரும், இலை ஓரம் கருகும். நம்ம ஊர்ல பல இடத்துல போர் தண்ணியே உப்புத்தண்ணி, தொட்டி விளிம்புல வெள்ளையா படியுதே அதான். இதுல ஆர்ஓ மெஷின்ல கழிச்சு விடுத தண்ணிய வேற வீணாக்கக் கூடாதுன்னு ஊத்துதாங்க, அது போர் தண்ணிய விட உப்பு ஜாஸ்தி, வீடு கழுவ வச்சுக்கோங்க. ஏசி தண்ணி பரவால்ல, ஊத்தலாம்.

மண்ணு மேல ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு வாழைச்சருகு, தேங்காமட்டை, காஞ்ச இலை எது கெடைக்கோ போட்டு மூடுங்க, காசே செலவில்ல, ஆனா பத்துல ஒருத்தர் கூட செய்ய மாட்டாங்க. தொட்டிய நேரா தளத்துல வைக்காம ரெண்டு செங்கல் குடுத்து ஏத்தி வைங்க, பாதி வெயில மறைக்குத அம்பது பர்சன்ட் ஷேட் நெட்டு (நெழல் வலை) கட்டுங்க.

மாவுப்பூச்சி இப்பதான் ஏறும், செம்பருத்தியும் பப்பாளியும் அதுக்கு ரொம்பப் புடிக்கும். எறும்பு வரிசையா ஏறுதான்னு மொதல்ல பாருங்க, எறும்பு இருக்க எடத்துல அது இருக்கும். தண்ணிய வேகமா பீச்சியடிச்சு கழுவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க. வெயில்ல எண்ணெய் அடிச்சா இலை வெந்துரும்.

தக்காளி பூ உதிருதுன்னு வராதீங்க, இந்தச் சூட்டுல மகரந்தம் கெட்டுப் போயி காய் புடிக்காது, வெண்டை, கொத்தவரை போடுங்க. குண்டுமல்லிய இப்ப கவாத்து பண்ணுதேன்னு கத்திரிய எடுக்காதீங்க, அது கார்த்திகைல செய்யுத வேல, இப்ப வெட்டுனா பூக்குத சீசனே போச்சு. தொட்டி மாத்துததும் கத்திரி வெயில் கழியட்டும்.

அந்த அக்கா வீட்டுச் செம்பருத்திய அழுகுன வேர வெட்டிட்டு நெழல்ல வச்சோம். ரெண்டு கணுவுல துளிர் வந்திருக்கு, இப்பயும் மத்தியானம் தொங்குதாம், பக்கெட்டத் தூக்காம இருக்கதுதான் கஷ்டமா இருக்குன்னு சொன்னாங்க.