இலைப் படம் மாட்டும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஒரு வாடிக்கையாளர் வீட்டில், படச் சட்டத்தை மேசைமேல் கவிழ்த்துப் பின்னட்டையைக் கழற்றினேன். உள்ளே அழுத்தி உலர்த்திய பெரணி இலை ஒன்று. ஐந்து வருடங்களுக்கு முன் வாங்கியபோது நல்ல பச்சையாக இருந்ததாம். இப்போது வைக்கோல் நிறம். ஆனால் இலையைச் சுற்றியிருந்த மவுன்ட் அட்டையைத் தூக்கியதும், அதற்கு அடியில் ஒளிந்திருந்த காம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பச்சை அப்படியே இருந்தது. அங்கே மட்டும் வெளிச்சம் பட்டதில்லை.

அந்தப் படம் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்கியது. "கண்ணாடி போட்டுத்தானே வைத்திருந்தோம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அதைத் தடுக்கும் சிறப்புக் கண்ணாடி போட்டாலும் நிறம் போவது தாமதப்படுமே தவிர, நிற்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தைத் தின்னும். காகிதத்தில் வரைந்த ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் கொடுக்கின்றன. ஜன்னலோரத்தில் அது ஆயிரக்கணக்கில் போகும். ஒருமுறை வெளுத்தது, இருட்டில் எடுத்து வைத்தாலும் திரும்பி வராது.

இதற்கு எனக்குத் தெரிந்து அழகான விதிவிலக்கு ஒன்று உண்டு: சயனோடைப் என்னும் நீல அச்சு. மருந்து பூசிய காகிதத்தின்மேல் செடியை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால், நீலத்தின் நடுவே இலை வெள்ளையாக நிற்கும். 1843இல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படித்தான் பதித்து நூலாக்கத் தொடங்கினார். வெளிச்சத்தில் மங்கிய அந்த நீலம், சில காலம் இருட்டில் வைத்தால் ஓரளவு மீண்டுவிடும்.

மற்ற பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே உலர்ந்த செடிகளையும் அசல் நீர்வண்ண ஓவியங்களையும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். ஜன்னல் இருக்கும் சுவரிலோ, வெயில் எட்டாத நடையிலோ மாட்டுங்கள். வெளிச்சமான இடத்தில்தான் படம் வேண்டும் என்றால், அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு நல்ல அச்சுப் பிரதியை மாட்டுங்கள். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அடுத்த எதிரி ஓதம். குளியலறையை ஒட்டிய சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் இரண்டையும் நான் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்காமல் ஆணி அடிக்க விடுவதில்லை. சந்தேகமாக இருந்தால், ஓர் அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் ஈரமானால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் படமும் வேண்டாம். வெளிப்புறம் நீர் கோத்தால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்த சுவராக இருந்தாலும், சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய தக்கை வில்லைகளை ஒட்டிவிடுங்கள். பின்னால் காற்று ஓடினால் பூஞ்சைப் புள்ளிகளும் இராமபாணப் பூச்சியும் எளிதில் அண்டாது. மவுன்ட் அட்டை அமிலமற்றதா என்று கேட்டு வாங்குங்கள். மட்டமான அட்டை சில வருடங்களில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

உயரம், அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், சோபாவுக்கு மேலே என்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும்.

எந்தப் படம் என்பதில்தான் நான் வாடிக்கையாளர்களோடு அதிக நேரம் மல்லுக்கட்டுகிறேன். நான்கு சுவரிலும் காட்டிலை அச்சிட்ட சுவர்த்தாள் கேட்பார்கள். ஆறு மாதத்தில் கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். தாவரவியல் ஓவியம் அப்படியல்ல. ஒரு செடியை அடையாளம் காட்டுவதற்காக வரையப்பட்டது அது. வேர், மொட்டு, வெட்டிய காய், விதை எல்லாம் இருக்கும். தினமும் பார்த்தாலும் புதிதாக ஒன்று அகப்படும். அரிய செடியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1503இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வெறும் புல்லையும் களையையும் ஒரு பிடி மண்ணோடு வரைந்தார். அந்தப் படத்தை இன்றும் உலகம் வியந்து பார்க்கிறது.

கணினி உருவாக்கிய 'தாவரப் படங்கள்' இப்போது ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கும் முன் ஒரு கிளையை விரலால் தொடர்ந்து பாருங்கள். இங்கே இலைகள் எதிரெதிராகவும், அங்கே மாறி மாறியும் முளைத்திருக்கும். ஒரே செடியில் பூவுக்குப் பூ இதழ் எண்ணிக்கை மாறும். அடியில் இருக்கும் பெயர் எந்த மொழியிலும் சேராது. அது எந்தச் செடியும் அல்ல. உண்மையான செடியைப் பார்த்து வரைந்த படத்துக்கு உங்கள் சுவரைக் கொடுங்கள்.

பதப்படுத்திய பாசிச் சுவர் வேண்டுவோருக்கு ஒரு வார்த்தை: அந்தப் பாசி உயிரோடு இல்லை. நீர் தெளித்தால் கெட்டுப்போகும், நேர் வெயிலில் நொறுங்கும்.

இயற்கைப் படம் மாட்டினால் நோய் விரைவில் குணமாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பெரும்பாலும் சுட்டுவது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில், மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிநிவாரணியும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் பார்த்தது ஜன்னலை, படத்தை அல்ல. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும், ஜன்னலை மறைத்து நிற்கும் அலமாரியைத்தான் முதலில் நகர்த்தச் சொல்கிறேன்.

பெரணி வீட்டிலும் அதைத்தான் முதலில் செய்தோம். படம் இப்போது படுக்கையறைக்குப் போகும் நடையில் இருக்கிறது. மவுன்ட் அட்டையின் கீழ் விளிம்பைச் சற்று வெட்டிவிட்டதால், அந்தப் பச்சைக் காம்பும் வெளியே தெரிகிறது.