தொடர் மனவடு: 'காம்ப்ளக்ஸ் பி.டி.எஸ்.டி.'க்குத் தமிழில் என்ன பெயர்?

பி.டி.எஸ்.டி. என்பது 'போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்' என்பதன் சுருக்கம்; விபத்தோ கொடுமையோ கடந்த பிறகும் மனதை விடாத நோய். கொடுமை திரும்பத் திரும்ப நேர்ந்து வரும் வகையைக் 'காம்ப்ளக்ஸ்' என்கிறார்கள். பெயரின் நடுவில் இருக்கும் 'ட்ராமா' கிரேக்கச் சொல். காயம் என்று பொருள். முதலில் உடம்பில் பட்ட காயத்தை மட்டுமே குறித்தது. ஆஸ்பத்திரிகளில் விபத்துப் பிரிவுக்கு 'ட்ராமா கேர்' என்று போர்டு வைப்பது அந்தப் பழைய பொருளில்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரயில் விபத்தில் உயிர் தப்பியவர்களைச் சோதித்த ஐரோப்பிய மருத்துவர்கள் இந்தச் சொல்லை மனதுக்கும் நீட்டினார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட பாடு அதற்குப் பெரிய காரணம்.

நம் பத்திரிகைகள் இதைப் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்று எழுதுகின்றன. குமரி மாவட்டத்தில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் பட்டது பேரதிர்ச்சிதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் வராத வள்ளங்களைப் பார்த்து நின்றவர்களுக்கும் அதே பெயர் பொருந்தும். 'கவுன்சிலிங்' என்ற சொல்லே சுனாமிக்குப் பிறகுதான் எங்கள் கரையோரத்தில் வீட்டுப் பேச்சுக்கு வந்தது.

ஆனால் 'அதிர்ச்சி' என்ற சொல்லுக்கு 'அதிர்' என்பது வேர். ஒரு முறை உலுக்கிவிட்டு ஓயும் ஒன்று என்ற நினைப்பு அதில் ஒட்டியிருக்கிறது. தினமும் நடப்பதை யாரும் அதிர்ச்சி என்று சொல்வதில்லை. பன்னிரண்டு வயதுவரை பெல்ட்டால் அடிவாங்கி வளர்ந்தவனுக்கும், இருபது வருசம் குடிகாரப் புருசனோடு குடும்பம் நடத்தியவளுக்கும், சொந்த வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கும் நடந்ததை எந்தத் தேதியில் குறிப்பது? இந்தக் குறையைத்தான் ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-ல் எடுத்துச் சொன்னார். தப்பிக்க வழியில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப நேரும் கொடுமை வேறு விதமான பாதிப்பை உண்டாக்குகிறது, அதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்றார். அவர் சொன்ன பெயர்தான் 'காம்ப்ளக்ஸ் பி.டி.எஸ்.டி.' உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்னும் நோய்ப் பட்டியலில் அதைத் தனி நோயாகச் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கக் கையேடு இன்னும் தனியாகப் பிரிக்கவில்லை.

சாதாரண பி.டி.எஸ்.டி.யில் மூன்று இருக்கும்: நடந்தது இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்கி ஓடுவது, ஆபத்து பக்கத்திலேயே நிற்பதாக உடம்பு விழித்திருப்பது. காம்ப்ளக்ஸ் வகையில் இவற்றோடு இன்னும் மூன்று சேரும். உணர்ச்சி கைக்கு அடங்காது; சின்னச் சொல்லுக்குக் கொதிக்கும், இல்லையென்றால் எதுவும் தைக்காமல் மரத்துப்போகும். 'நான் எதுக்கும் கொள்ளாதவ' என்ற நினைப்பு ஆழமாக ஊன்றிவிடும். யாரோடும் நெருங்கி இருக்க முடியாது.

கருங்கல் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை செய்கிறார். புருசன் செத்துப் பல வருசமாகிவிட்டது. சாயங்காலம் பக்கத்து வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருக்கும் கை அப்படியே நிற்கும். தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிவிடும். "அவருக்க செருப்புச் சத்தம் மாதிரியே கேக்குது மக்களே, ஒரே வெப்ராளம்" என்பார். வெப்ராளம் என்றால் எங்கள் பக்கம் மனப் பதற்றம். அடுத்த நிமிடமே, "எனக்க வாயும் சரியில்ல, அதுனாலதான் அடிச்சாரு" என்று அவருக்காகப் பேசுவார். ஊர் இதை 'அவளுக்க சுபாவம்' என்கிறது. எனக்கு இதில் வயிறெரிகிறது. சுபாவம் என்று சொல்லிவிட்டால் அடித்தவன் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறான், மருந்து தேடவும் வழியில்லாமல் போகிறது.

அடிபட்டவரே வெட்கப்படும் இந்த நிலைக்குத் தமிழில் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. வெண்ணிப் போரில் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பில் பட்ட ஆயுதம் முதுகுவரை ஊடுருவியது. அவன் புறமுதுகு காட்டவில்லை. ஆனாலும் 'புறப்புண் நாணி', முதுகில் பட்ட புண்ணுக்கு வெட்கப்பட்டு, வடக்கிருந்தான், அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்தான் என்கிறது புறநானூற்றின் 65-ஆம் பாட்டு. காயத்தைச் செய்தவன் வேறொருவன், நாணம் பட்டவனுக்கு. அடிவாங்கிய பெண்கள் முந்தானையால் கையை மூடிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு ஞாபகம் வரும்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'காம்ப்ளக்ஸ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு ஒன்றாகப் பின்னப்பட்டது என்று பொருள். அதை 'சிக்கலான' என்று பெயர்த்தால், நோயாளியே சிக்கலான ஆள் என்று காதில் விழுகிறது. ஏற்கெனவே தன்னைக் குறைசொல்லிக்கொள்பவருக்கு அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கக் கூடாது. ஈழத்துத் தமிழில் ட்ராமாவுக்கு 'மனவடு' என்ற சொல் புழங்குகிறது. போரின் நடுவில் வாழ்ந்தவர்கள் பழக்கிய சொல். வடு ஆறிய தழும்புதானே என்று கேட்கலாம். 'ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்று வள்ளுவர் சொன்ன பிறகு அந்தத் தடை நிற்காது. எனவே 'தொடர் மனவடு நோய்' என்பதே என் தேர்வு. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தொடர்ந்து கொடுமை பட்ட எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை, மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். 'தொடர்' காரணத்தைச் சுட்டுகிறதே தவிர, நோயை அளப்பதில்லை.

சிகிச்சை உண்டு. ஹெர்மன் வகுத்த வரிசையில் முதலில் பாதுகாப்பு. அடி நிற்காத வீட்டில் பழையதைக் கிளறச் சொல்வது கொடுமை. அதற்குப் பிறகுதான் நடந்ததைப் பேசுவது, கடைசியாக மனிதர்களோடு மறுபடி சேர்வது. நடந்துகொண்டிருக்கும் அடிக்குப் பெண்கள் 181-ஐ அழைக்கலாம், குழந்தைகளுக்கு 1098. மனநலத்துக்கு 'டெலி மானஸ்' என்ற அரசுத் தொலைபேசி உதவி, 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். நோயின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'வெப்ராளம்' என்றே தொடங்கலாம். எத்தனை வருசமாக, எந்தச் சத்தம் கேட்டால், யார் பக்கத்தில் வந்தால் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டருக்கு அதுதான் தெரிய வேண்டும்.