செல்லுக்கு நடுவில் கோடு போடுவது யார்?

செல் பிரிதலைப் படிக்கும்போது நம் கண் குரோமோசோம்கள் மேலேயே இருக்கும். அவை பிரிந்து எதிரெதிர் முனைகளுக்குப் போய்விட்டால் வேலை முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் அப்போதும் அது ஒரே செல்தான்; உள்ளே உட்கரு இரண்டாகியிருக்கிறது, அவ்வளவே. உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் பிரிந்தால்தான் இரண்டு செல்கள். சைட்டோகைனசிஸ் என்ற இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் செல் பிரிதலின் உச்சம் என்பேன்.

விலங்கு செல்லில், சவ்வின் உட்புறத்தை ஒட்டி ஒரு வளையம் உருவாகிறது. ஆக்டின் என்ற புரத இழைகளும் மயோசின் என்ற புரதமும் சேர்ந்த வளையம். நம் தசைகளைச் சுருங்க வைக்கும் அதே ஜோடிதான். மயோசின் இழைகளைப் பிடித்து இழுக்க இழுக்க, சுருக்குப்பையின் வாய் போல வளையம் இறுகும், சவ்வில் பள்ளம் விழும். இறுக இறுக வளையம் தடித்துப்போகாதா? போகாது. சுருங்கும்போதே தன் இழைகளைக் கழற்றிவிட்டுக்கொண்டே வருகிறது.

சரி, வளையம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்வது எது? குரோமோசோம்களா? 1961-இல் ரே ராப்பபோர்ட் என்ற உயிரியலாளர் ஓர் அழகான சோதனை செய்தார். சாண்ட் டாலர் என்ற கடல் உயிரியின் முட்டையை ஒரு சிறு கண்ணாடிக் குண்டால் நடுவில் அழுத்தி, டயர் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முதல் பிரிதலில் டயரின் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டது. இரண்டு உட்கருக்களோடு குதிரை லாடம் போன்ற செல் மிஞ்சியது. அடுத்த பிரிதலில் இரு கைகளிலும் ஒவ்வொரு பள்ளம் விழுந்தது. அதை எதிர்பார்க்கலாம். ஆனால் லாடத்தின் வளைவிலும் மூன்றாவதாக ஒரு பள்ளம்! அங்கே குரோமோசோமே கிடையாது. இரு பக்கத்திலிருந்தும் கதிர்போல விரிந்து வந்த நுண்குழல்கள் (குரோமோசோம்களை நகர்த்த உதவும் மெல்லிய புரதக் குழாய்கள்) மட்டுமே அங்கே சந்தித்தன. முடிவில் நான்கு செல்கள்.

அதாவது, பள்ளம் விழும் இடத்தைக் குறிக்க நுண்குழல்களே போதும். அவற்றின் வழியே வரும் புரதங்கள் சவ்வின் அடியில் ரோ-ஏ என்ற புரதத்தை முடுக்கிவிடுகின்றன. அது முடுக்கப்பட்ட இடத்தில்தான் வளையம் கட்டப்படுகிறது.

வளையம் முழுதாக இறுகிய பிறகும் இரு செல்களையும் ஒரு மெல்லிய பாலம் இணைத்திருக்கும். அதைக் கடைசியாக அறுத்துவிட எஸ்கார்ட் என்ற வேறொரு புரதக் கூட்டம் வருகிறது.

தாவர செல்லுக்கு இந்த வழி ஒத்துவராது. கெட்டியான செல் சுவரை இறுக்கி மடக்க முடியாதே. அதனால் அது உள்ளிருந்து வெளியே கட்டுகிறது. செல்லுக்குள் பொருள்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்பிலிருந்து வரும் நுண்பைகள் நடுவில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு தட்டாகி, ஓரங்களை நோக்கி வளர்ந்து பழைய சுவரோடு சேர்கின்றன. ஆனாலும் அந்தப் புதிய சுவரில் பொடிப்பொடியான துளைகளை விட்டே கட்டுகிறது. பிரிந்த இரண்டு செல்களும் அவற்றின் வழியே பரிமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.